கேட்டீர்கள், சொல்கிறேன்: திருச்சிக்கும் பலாலிக்கும் நடுவே

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே திசையில் பறந்தன: தென்கிழக்கு. திருச்சியில் ஏறி யாழ்ப்பாணத்தில் இறங்குவது பற்றி இத்தனை பேர் யோசிக்கிறார்கள் என்பதே எனக்கு மகிழ்ச்சி. விமானத்தில் இடம் கிடைக்கிறதோ இல்லையோ, இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் இடம் உண்டு.

திருச்சியிலிருந்து யாழ்ப்பாணம் உண்மையில் எத்தனை கிலோமீட்டர்? ஆளுக்கு ஓர் எண் சொல்கிறார்கள்.
(உறையூர் வாசகி)

நீங்களே கண்டுபிடிக்கலாம் அம்மா. பத்தாம் வகுப்புக் கணக்கு போதும். திருச்சி விமான நிலையம் வடக்கு அட்சரேகை 10.77, கிழக்குத் தீர்க்கரேகை 78.71. யாழ்ப்பாணத்தின் விமான நிலையமான பலாலி 9.79, 80.07. வடக்கு தெற்காக வித்தியாசம் 0.98 பாகை. ஒரு பாகைக்கு 110 கிலோமீட்டர் சொச்சம் என்று வைத்தால் ஏறத்தாழ 108. கிழக்கு மேற்காக 1.36 பாகை. நம் பக்கத்தில் தீர்க்கரேகையின் ஒரு பாகை 109 கிலோமீட்டரும் கொஞ்சமும் வரும் என்பதால் அது 149. இப்போது பிதாகரஸைக் கூப்பிடுங்கள். இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 184 கிலோமீட்டர். விமானிகள் கணக்கில் 99 கடல்மைல், சதத்துக்கு ஒரு ரன் பாக்கி!

பூமி உருண்டையாயிற்றே என்று கேட்பீர்கள். அமெரிக்காவுக்குப் போகிற விமானத்துக்கு அது பெரிய விஷயம். 184 கிலோமீட்டருக்குத் தட்டைக் காகிதமே போதும். ஆளுக்கு ஓர் எண் சொல்வதற்குக் காரணம், சிலர் ஊரிலிருந்து ஊருக்கு அளக்கிறார்கள், சிலர் ஓடுபாதையிலிருந்து ஓடுபாதைக்கு அளக்கிறார்கள். பலாலியிலிருந்து யாழ்ப்பாண நகரம் இன்னும் 17 கிலோமீட்டர் போல இருக்கிறது.

ஏடிஆர் விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் போகும் என்கிறார்கள். அப்படியானால் 184 கிலோமீட்டருக்கு 22 நிமிடம்தானே? அட்டவணையில் ஒரு மணி நேரம் போல் காட்டுகிறதே, மீதி நேரத்தை யார் எடுத்துக்கொண்டார்கள்?
(மானாமதுரை வாசகர்)

யாரும் எடுத்துக்கொள்ளவில்லை ஐயா. எழும்பவும் இறங்கவும் காத்திருக்கவும் அது செலவாகிறது.

முதலில், அட்டவணையில் இருப்பது பறக்கும் நேரம் இல்லை. சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கட்டையை இங்கே எடுத்த நொடியிலிருந்து, அங்கே மறுபடி கட்டை வைக்கும் நொடி வரைக்கும் உள்ள நேரம். தரையில் உருண்டு ஓடுபாதை முனைக்குப் போவதும், முன்னால் நிற்கும் விமானத்துக்குப் பின்னால் காத்திருப்பதும், இறங்கியபின் நிறுத்துமிடம் வரை ஊர்வதும் அதற்குள் அடக்கம். கொஞ்சம் தாமதமானாலும் சொன்ன நேரத்துக்குப் போய்விட வேண்டும் என்று நிறுவனங்கள் சில நிமிடங்களைக் கூடுதலாகவும் சேர்த்து வைக்கும்.

இரண்டாவது, 500 என்பது நடுவானத்து வேகம். அந்த வேகத்துக்கு இந்தப் பாதையில் வேலையே குறைவு. கணக்குக்காக விமானம் 15,000 அடி உயரம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். விமானிகளிடம் ஒரு பழைய மனக்கணக்கு உண்டு: ஆயிரம் அடி இறங்க மூன்று கடல்மைல். அப்படிப் பார்த்தால் 15,000 அடி இறங்க 45 கடல்மைல், அதாவது 83 கிலோமீட்டர். ஏறுவதற்கு ஓர் எழுபது கிலோமீட்டர். இரண்டையும் கழித்தால் நேராக, மட்டமாக, முழு வேகத்தில் பறக்க மிஞ்சுவது முப்பது கிலோமீட்டர்தான். திருச்சியில் ஏறத் தொடங்கிய விமானம், ஏறி முடித்த கையோடு யாழ்ப்பாணத்துக்கு இறங்கத் தொடங்கிவிடுகிறது.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. திருச்சி ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. பலாலி ஓடுபாதை வடகிழக்கு தென்மேற்காக. விமானம் பொதுவாகக் காற்றை எதிர்த்தே எழும்பும், காற்றை எதிர்த்தே இறங்கும். மேல்காற்று அடிக்கிற மாதத்தில் என்ன ஆகும்? யாழ்ப்பாணம் தென்கிழக்கில் இருக்க, விமானம் மேற்கே பார்த்துக் கிளம்ப வேண்டும், பிறகு வளைந்து திரும்ப வேண்டும். அங்கே போனபின் தென்மேற்குக் காற்றை முகத்தில் வாங்கி இறங்க வேண்டுமானால், நேராகப் போய் உட்கார முடியாது. கடல் பக்கமாகச் சுற்றி, வடகிழக்கிலிருந்து வர வேண்டும். இந்தச் சுற்றெல்லாம் 184-க்குள் இல்லை.

ஆடி மாசம் யாழ்ப்பாணம் வரேக்க பிளேன் கெதியா வருமாம், திரும்பிப் போகேக்க சுணங்குமாம். உண்மையோ அண்ணை?
(நல்லூர் வாசகர்)

உண்மைதான் தம்பி. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்று நம் ஆட்கள் சொல்லிவைத்தது. ஏடிஆருக்கு அது சும்மா இருக்குமா?

மேற்கிலிருந்து வரும் காற்று, தென்கிழக்கே போகிற விமானத்தை முதுகில் கைவைத்துத் தள்ளும். மணிக்கு 450 கிலோமீட்டரில் பறக்கும் விமானத்துக்குப் பின்னாலிருந்து 50 கிலோமீட்டர் உதவி கிடைத்தால், தரையைப் பொறுத்து அது 500. திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடித்தால் 400. முழுத் தூரத்தையும் அப்படியே பறப்பதாக வைத்தால் போக 22 நிமிடம், வர 27 நிமிடத்துக்கு மேல். ஐந்து நிமிடம்தான் வித்தியாசம். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு வருகிறவர்களை அந்தக் காற்றே தள்ளிக்கொண்டு வந்து விடுகிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வாடை வீசும்போது கதை வேறு. காற்று பக்கவாட்டில் அடிக்கும். விமானம் மூக்கைக் கொஞ்சம் காற்றுப் பக்கம் திருப்பிவைத்து, நண்டு நடையில் பாதை பிசகாமல் போகும்.

நடுவில் ஒரு டீ குடிக்க முடியுமா?
(தஞ்சாவூர் வாசகர்)

ஏறும்போதும் இறங்கும்போதும் பெல்ட்டு விளக்கு எரியும். மிச்சத்தை மேலே கணக்குப் போட்டுவிட்டோம். டீ ஆறுவதற்குள் ஊர் வந்துவிடும். தஞ்சாவூரிலேயே குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

எந்தப் பக்கம் உட்கார்ந்தால் நன்றாகத் தெரியும்? என் மகனுக்கு ஜன்னல் என்றால் உயிர்.
(பட்டுக்கோட்டை வாசகி)

இந்தக் கேள்வி உங்கள் ஊரிலிருந்து வந்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது. திருச்சிக்கும் பலாலிக்கும் நேர்கோடு போட்டால் அது கந்தர்வகோட்டை வழியாக வந்து, பட்டுக்கோட்டைக்குச் சற்றுத் தெற்கே தாண்டி, மல்லிப்பட்டினத்துக்கும் அதிராம்பட்டினத்துக்கும் இடையில் கரையைக் கடக்கிறது. பாதித் தூரத்துக்குக் கொஞ்சம் குறைவு நிலம், மீதி பாக் நீரிணை. கட்டுப்பாட்டு அறை சொல்கிறபடி விமானம் கொஞ்சம் அப்படி இப்படி விலகும், ஆனாலும் காட்சி இதுதான்.

மகனை இடது பக்கம் உட்கார வையுங்கள். கரை தாண்டியதும் வேதாரண்யம் சதுப்பு நிலமும், நிலம் சட்டென்று ஒடிந்து திரும்பும் கோடியக்கரை முனையும் அந்தப் பக்கம்தான். பிற்பகல் விமானமானால் வெயில் வலப்பக்கத்தில் விழும், இடப்பக்கம் கண் கூசாது. வலது பக்கம் உட்கார்ந்தவர்களுக்கும் குறையில்லை: கடைசிச் சில நிமிடங்களில் குடாநாட்டின் மேற்கே சிதறிக் கிடக்கும் தீவுகளும் மங்கிய பச்சையில் களப்பும் தெரியும். ஏடிஆரில் இறக்கை ஜன்னலுக்கு மேலே இருக்கிறது. அதனால் எந்த வரிசையிலும் கீழே பார்ப்பதை இறக்கை மறைக்காது. இரண்டு இரண்டாகத்தான் இருக்கை, நடு இருக்கை என்ற தண்டனையும் கிடையாது.

கோடியக்கரைக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் அறுபது கிலோமீட்டர்கூட இல்லை. மேலிருந்து ஒரே பார்வையில் இரண்டு கரையையும் பார்க்கிற குழந்தைக்கு அதைத் தனியாக யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னும் விசிறி வைத்த விமானம்தானா? ஜெட் விட்டால் சீக்கிரம் போகலாமே?
(கோயம்புத்தூர் வாசகர்)

விசிறியை இளப்பமாக நினைக்காதீர்கள். அது டர்போபிராப், ஜெட் எஞ்சினின் உடன்பிறப்பு. உள்ளே சுழல்வது டர்பைன்தான், விசிறி வெளியே தெரிகிறது, அவ்வளவே. முப்பது கிலோமீட்டர் மட்டப் பாதையில் ஜெட் எவ்வளவு மிச்சம் பிடிக்கும்? ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். பத்தாயிரம் அடிக்குக் கீழே இரண்டுக்கும் 250 நாட் என்ற ஒரே வேகக் கட்டுப்பாடு. ஜெட் கொஞ்சம் விரைவாக ஏறும். அதையும் சேர்த்தால்கூட மிச்சம் சில நிமிடங்கள்தான். எரிபொருளோ கூடுதலாகப் போகும். ஏடிஆர் 72-600 முழுப் பாரத்தோடு எழும்ப 1,300 மீட்டர் சொச்சம் ஓடுபாதை போதும். ஏர்பஸ் ஏ320-க்கு 2,000 மீட்டருக்கு மேல் வேண்டும். குறுகிய தூரத்துக்கும் சிறிய நிலையத்துக்கும் இது பொருத்தமான வண்டி.

அப்படியெண்டால் பலாலி ஓடுபாதையை நீட்டத் தேவையில்லை எண்டு சொல்லுறியளோ? எங்கட காணி அங்கதான் இருக்கு.
(மயிலிட்டியில் பிறந்த, இப்போது வேறு ஊரில் வாழும் வாசகி)

அம்மா, உங்கள் கேள்விக்குத் தூரக் கணக்கு வைத்துப் பதில் சொன்னால் அது தப்பு. உங்கள் மயிலிட்டியோடு சேர்ந்த வலிகாமம் வடக்கு மக்கள் 1990-இல் வீடு வாசலை விட்டு வெளியேறினார்கள். பலாலியைச் சுற்றி உயர் பாதுகாப்பு வலயம் விரிந்தது. போர் முடிந்த பிறகும் நிலம் துண்டு துண்டாகத்தான் திரும்பியது, இன்னும் காத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. பெரிய விமானம் வரவேண்டும் என்று ஆசைப்படுகிறவன் நான். ஆனால் ஓடுபாதையின் ஒவ்வொரு மீட்டருக்கும் காணி உறுதி வைத்திருக்கும் ஒருவர் இருக்கிறார். முதலில் அவரிடம் பேச வேண்டும், காணியையோ அதன் முழு மதிப்பையோ கொடுக்க வேண்டும், பிறகுதான் தார் ஊற்ற வேண்டும். அதுவரை திருச்சிக்கும் சென்னைக்கும் ஏடிஆர் தாராளமாகப் போதும். அவசரம் விமானத்துக்கு இல்லை.

யாழ்ப்பாணத்துக்கு எது பக்கம், கொழும்பா திருச்சியா?
(மட்டக்களப்பு வாசகர்)

ஆகாயத்தில் திருச்சி. பலாலியிலிருந்து கட்டுநாயக்க சுமார் 290 கிலோமீட்டர், திருச்சி 184. சென்னை 355. தரையில் கொழும்புக்கு ஏறக்குறைய 400 கிலோமீட்டர், பேருந்தில் ஓர் இரவு போய்விடும். 1956-இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவியில் போனாலும் பகல் பொழுதில் பெரும்பகுதி போய்விடும். பெருநகர மருத்துவமனை, ஜவுளிக்கடை, கோயில், கல்லூரி என்று தேடும் யாழ்ப்பாணத்துக் குடும்பத்துக்குக் காவிரிக்கரை இத்தனை அருகில் இருப்பது சின்ன விஷயமா?

உலகத்திலேயே குறுகிய விமானப் பயணம் இதுதானா?
(கரூர் வாசகர்)

இல்லை. ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேக்கு 2.7 கிலோமீட்டர். லோகன் ஏர் நிறுவனம் ஓட்டுகிறது. அட்டவணையில் இரண்டு நிமிடம். காற்று கூடிவந்த ஒரு நாளில் 53 விநாடியில் போயிருக்கிறார்கள். ஆசிரியர்களும் மருத்துவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் அதில் ஏறுகிறார்கள். 2.7 கிலோமீட்டருக்கு விமானமா என்று அங்கே யாரும் கேட்பதில்லை, நடுவில் கடல் இருப்பது அவர்களுக்குத் தெரியும்.

எங்கள் அப்பா சின்ன வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து மதராசுக்கு விமானத்தில் வந்ததாகச் சொல்லுவார். நம்பலாமா?
(வேலூர் வாசகி)

தாராளமாக நம்பலாம். பலாலித் தளம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானப் படை அமைத்தது. ஏர் சிலோன் தன் முதல் விமானத்தை 1947 டிசம்பர் 10 அன்று இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாக மதராசுக்குத்தான் விட்டது. டக்கோட்டா ரக விமானம், பெயர் சீதாதேவி. ஒரு நாட்டின் விமான நிறுவனம் பறக்கத் தொடங்கிய முதல் நாளிலேயே யாழ்ப்பாணத்தில் இறங்கித் தமிழ்நாட்டுக்கு வந்திருக்கிறது.

பிறகு போர் எல்லாவற்றையும் மூடியது. 2019 அக்டோபர் 17 அன்று பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது, நவம்பர் 11 முதல் அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து பறந்தது. 2020 மார்ச்சில் கொரோனா வந்து நிறுத்தியது. 2022 டிசம்பர் 12-இல் மறுபடி தொடங்கியது. 2024 செப்டம்பர் 1-இல் இண்டிகோவும் சென்னையிலிருந்து வந்தது. 2025 மார்ச் 30-இல் திருச்சி சேர்ந்தது. அந்த நாள் மார்ச்சின் கடைசி ஞாயிறு. விமான உலகத்தின் கோடைக்கால அட்டவணை அன்றைக்குத்தான் தொடங்கும். அக்டோபர் கடைசி ஞாயிறு குளிர்கால அட்டவணை. அதனால் பயணத்துக்கு முன் அந்தந்தப் பருவத்து நேரத்தைப் பார்த்துவிடுங்கள்.

கடிகாரத்தைத் திருப்பி வைக்க வேண்டுமா?
(நாமக்கல் வாசகர்)

வேண்டாம். 2006 ஏப்ரலிலிருந்து இரு நாட்டிலும் ஒரே நேரம். அதற்கு முன் பத்தாண்டு இலங்கை நம்மைவிட முந்தி ஓடியது, 1996-இல் முதலில் ஒரு மணி நேரமும் பிறகு அரை மணியும். புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி அந்த மாற்றத்தை ஏற்கவில்லை. ஒரே தீவுக்குள் சோதனைச் சாவடி தாண்டினால் மணி மாறிய காலம் அது. இப்போது கடல் தாண்டினாலும் மாறுவதில்லை என்பதை நான் நல்ல செய்தியாகவே பார்க்கிறேன்.

வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசலுக்கு உண்மையில் எவ்வளவு நேரம்?
(ஸ்ரீரங்கம் வாசகர்)

இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்டிருக்க வேண்டும். வெளிநாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னதாக வரச் சொல்வார்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து விமான நிலையத்துக்கு முக்கால் மணி வையுங்கள். விமானம் ஒரு மணி. பலாலியில் குடிவரவு, சுங்கம், பெட்டி எல்லாம் முடிய முக்கால் மணி. பிறகு யாழ்ப்பாண நகரத்துக்கு அரை மணிக்கு மேல். ஆக ஆறு மணி நேரம். திருச்சியிலிருந்து சென்னைக்குப் பேருந்தில் போகிற நேரம்! இந்த ஆறில் காற்றில் இருப்பது ஒன்றுக்கும் குறைவு.

ஆகவே நேரத்தைக் குறைக்க வேண்டுமானால் வேகமான விமானம் தேடிப் பயனில்லை. தரையில்தான் வேலை இருக்கிறது. எழுபது எண்பது பேர் வரும் ஒரு சின்ன விமானத்துக்கு ஏற்றபடி வரிசையைச் சுருக்கலாம். பலாலி வாசலில் விமானம் வரும் நேரத்துக்கு நகரப் பேருந்து நிற்கலாம். இரண்டு அரசுகளும் மனம் வைத்தால் ஆறு மணி நேரம் நாலரை ஆகும். எந்தப் பொறியாளரும் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

கப்பல் நல்லதா, விமானம் நல்லதா?
(நாகப்பட்டினம் வாசகர்)

நாகைக்காரர் கேட்டால் கப்பல் என்றுதான் சொல்ல வேண்டும்! நாகை–காங்கேசன்துறைக் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி வந்தது. சுமார் 110 கிலோமீட்டர், நாலு மணி நேரம். மழைக்காலத்தில் கடல் விடாது. மூட்டை அதிகமென்றால் கப்பல், வயதானவர் கூட இருந்தால் விமானம்.

இவ்வளவு பக்கம், கட்டணம் ஏன் பக்கத்து ஊருக்குப் போகிற மாதிரி இல்லை?
(புதுக்கோட்டை வாசகி)

தூரம் குறைந்தால் எரிபொருள் குறையும். மற்றது குறையாது. இறங்கும் கட்டணம், நிலைய வரி, விமானிகள் சம்பளம், விமானத்தின் வாடகை எல்லாம் 184 கிலோமீட்டருக்கும் 800 கிலோமீட்டருக்கும் அவ்வளவாக மாறாது. எழும்புவதும் ஏறுவதும்தான் அதிகம் எரிக்கிற பகுதி, இந்தப் பாதையில் அதன் பங்கு அதிகம். நிறையப் பேர் பறந்தால் விலை இறங்கும். வரிகளைக் குறைப்பது இரண்டு அரசுகளின் கையில்.

எங்கட முகாமுக்குப் பக்கத்திலதான் எயார்போட். பிளேன் எழும்புறது ஒவ்வொரு நாளும் காதில கேக்கும். நாங்கள் அதில ஏறி ஊர் பாத்திட்டு வரேலுமோ?
(திருச்சி கொட்டப்பட்டு மறுவாழ்வு முகாம் வாசகி)

ஏறலாம் அம்மா, ஆனால் சீட்டு மட்டும் போதாது. இலங்கைக் கடவுச்சீட்டு அல்லது பயண ஆவணம் வேண்டும். அதற்குச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். முகாமில் பதிவானவர்கள் நாட்டை விட்டுப் போக இந்திய அரசின் வெளியேறும் அனுமதியும் வேண்டும். அதைத் தருகிற அதிகாரிகளுக்கு முகாம் வழியாகவே மனு போகும். முக்கியமான ஒன்று: அந்த அனுமதி நிரந்தரமாகத் திரும்பிப் போவதற்கானதாக இருந்தால், ஊர் பார்த்துவிட்டு இங்கே மறுபடி வர முடியாமல் போகலாம். கையெழுத்துப் போடுவதற்கு முன் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் படிப்பு இங்கே, உறவு அங்கே என்றால் அவசரப்பட வேண்டாம்.

1983-க்குப் பிறகு படகில் வந்தவர்களுக்கும், இங்கேயே பிறந்த அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும், போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வர ஓர் எளிய அனுமதி வேண்டும் என்று இந்தப் பத்தியிலிருந்தே கேட்கிறேன். ஓடுபாதை இருக்கிறது, விமானம் இருக்கிறது, விமானி இருக்கிறார். தாளில் ஒரு முத்திரைதான் பாக்கி.

அனுமதி கிடைத்து நீங்கள் கிளம்பும் நாளுக்கு ஒரு குறிப்பு: ஏடிஆரில் பயணிகள் கதவு வால் பக்கம் இருக்கிறது. கடைசி வரிசைகளில் இடம் கேளுங்கள். விசிறிச் சத்தம் அங்கே குறைவு, பலாலியில் முதலில் இறங்குவதும் நீங்களாகத்தான் இருக்கும்.